ஐநூறைத் தாண்டாத வீடு

போன மாதம் ஓய்வூதியத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்க, நான் வேலை பார்த்த பழைய மின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த கணக்கீட்டாளர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்கீட்டாளர் என்றால் வீடு வீடாகப் போய் மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று குறித்து வருகிறவர். நானும் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன்தான். யாரோ ஒருவர் காலையில் வந்து, நாலு நாள் கழித்து ரீடிங் எடுத்ததால் பில் ஏறிவிட்டது என்று சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். “நாலு நாள் லேட்டானா என்னாண்ணே, குடியா முழுகிப் போயிரும்?” என்று என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். “உங்க அனுபவத்தையெல்லாம் எழுதிக் குடுங்கண்ணே, நம்ம குரூப்புல போடலாம்” என்றார் இன்னொருவர்.

பஸ் ஏறிய பிறகு, எதற்குச் சிரித்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். குரூப்பில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எனக்கு இருப்புக் கொள்ளாமல் போவது புதிதும் அல்ல. மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கினால் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன். என் மனைவி சரோஜாவுக்கு ஏசி இருபத்துநாலில் ஓட வேண்டும். எனக்கு இருபத்தெட்டே குளிரும். அவள் இறக்குவாள், நான் ஏற்றுவேன். நடுவில் எழுந்து வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வருவேன். 

“ரிட்டயர் ஆயி மூணு வருசம் ஆச்சு. இன்னும் ஆரு வூட்டுக்கு ரீடிங் எடுக்கறீங்க?” என்பாள்.

“ஐநூறு தாண்டப் போவுதுடி.”

“தாண்டட்டுமே. வெந்து சாவறதுக்கா பென்சன் வாங்கறோம்?”

அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த ஐநூறு என் தலையை விட்டுப் போகவில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. ஐநூறு யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விலை. ஐநூற்று ஒன்று ஆகிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, அதற்குக் கீழே ஓடியதற்கும் சேர்த்து ஏறும். ஒரே ஒரு யூனிட்டில் பில் சில நூறு ரூபாய் குதித்துவிடும். சம்பளக்காரன் முணுமுணுத்துவிட்டுக் கட்டுவான். கூலிக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு வாரத்துச் சோறு.

கம்பம் நடக் குழி தோண்டப் போனவன், உதவியாளராகி, பரீட்சை எழுதிக் கணக்கீட்டாளர் ஆன கதையை இங்கே நீட்டப் போவதில்லை. அந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம். நாய் இருக்கிற வீட்டில் தெருவில் நின்றே குரல் கொடுக்க வேண்டும். மீட்டர் கண்ணாடியைத் துடைக்காமல் எண்ணைப் படிக்கக் கூடாது. மற்றதெல்லாம் மீட்டர்களே சொல்லிக்கொடுத்தன. வீட்டுக்குள் காலடி வைக்காமலே அங்கே யாருக்கு வேர்க்கிறது, யாருக்குக் குளிர்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். மார்கழியில் சித்தேரி மலைக்காற்று இறங்கும்போது திடீரென்று யூனிட் ஏறினால் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வெந்நீர் ஓடுகிறது என்று அர்த்தம். பங்குனியில் ஏறினால் கலியாணம் முடிந்து மருமகள் வந்திருக்கிறாள், மாடியறையில் ஏசி மாட்டியாகிவிட்டது. “பேரனா பேத்தியாங்க?” என்று நான் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என் வேலையின் கடைசிப் பத்து வருடத்தில் எங்களுக்கு உதவிப் பொறியாளராக இருந்தவர் செல்வநாயகி மேடம். அதிர்ந்து பேசமாட்டார். கத்திரி வெயிலிலும் பிளாஸ்கில் வெந்நீர்தான் குடிப்பார். அவர் அறையில் ஒரே ஒரு ஃபேன். நின்று சுழலும் பெரிய ஃபேன். அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளாமல், புகார் சொல்ல வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி பக்கம் திருப்பி வைத்திருப்பார். “அவங்க வெயில்ல வந்திருக்காங்க, நான் வெயில்லயா வந்தேன்?” என்பார். எங்களில் யாராவது தப்புச் செய்தால் திட்டமாட்டார். எழுதிய தாளையோ, ரீடிங் ஏற்றும் கைக்கருவியையோ நம் கையில் கொடுத்து, “படிங்க” என்பார். நாம் எழுதியதை நாமே சத்தமாகப் படிக்க வேண்டும். பொய் எழுதியிருந்தால் இரண்டாவது வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு நாலு வார்த்தை திட்டு வாங்கிவிடலாம்.

ரீடிங் எடுக்கவும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். கண்ணாடியைத் துடை. முத்திரை உடையாமல் இருக்கிறதா பார். மீட்டர் தேதி காட்டும், மணி காட்டும், வேறு ஏதேதோ காட்டும். யூனிட் வரும்வரை பொறுமையாக நில். புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடு. எண்ணை வாய்விட்டுச் சொல், வீட்டுக்காரர் காதில் விழ வேண்டும். கருவியில் ஏற்று. வீட்டுக்காரர் வைத்திருக்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடு. வீடு பூட்டியிருந்தால் கருவியில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு இன்னொரு நாள் திரும்பப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தேதி. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தேதி உண்டு. “மழை வரலாம், காய்ச்சல் வரலாம். சொல்லிட்டு மாத்துங்க. சொல்லாம மாத்தாதீங்க” என்பார் மேடம்.

நான் சொல்லாமல் மாற்றினேன்.

என் பகுதியில் கடைசித் தெரு ஒரு மேட்டில் இருந்தது. ஒன்பது வீடு. தெருமுனையில் ஒரு வேப்பமரத்தை விட்டால் மேலே நிழலே கிடையாது. அந்த ஒன்பதில் ஏழாவது வீடு முனிராஜுடையது. சிமெண்ட் ஷீட் போட்ட சின்ன வீடு. முனிராஜ் புளியமரம் உலுக்கப் போய், கிளை முறிந்து விழுந்தவர். கழுத்தெலும்பில் அடி. கை மட்டும் கொஞ்சம் அசையும், மற்றபடி கட்டிலோடு கட்டில். அவர் மனைவி காவேரி கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடத்தூர் வியாபாரி இறக்கிவிட்டுப் போகும் புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

அப்படிப்பட்ட வீட்டில் ஏசி எதற்கு என்று முதல் தடவை நானும் நினைத்தேன். கேட்டும் விட்டேன். காவேரிதான் சொன்னாள்.

“இவருக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காதுங்க சார். நமக்கெல்லாம் வேர்த்து ஆறிப்போயிருது. இவரு ஒடம்பு அப்படியே வெயிலை வாங்கி வெச்சுக்கும். ‘ஒடம்பு தன்னால ஆறாது, ரூமைத்தான் ஆத்தி வெக்கணும்’னு டாக்டரு சொன்னாருங்க.”

முனிராஜின் அண்ணன் கோவிந்தராஜ் ஓசூரில் வேலை பார்க்கிறவர். பழைய ஏசி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, மேலே தெர்மாகோல் அட்டையும் அடித்துக் கொடுத்திருந்தார். முதல் கோடையிலேயே யூனிட் ஐநூறைத் தாண்டியது. பில்லைப் பார்த்ததும் காவேரியின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. மீட்டரை எப்படிப் படிப்பது, போன ரீடிங்கை எப்படிக் கழிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “என் தேதிக்கு நாலு நாள் முன்னாடி பாத்துக்கம்மா. ஐநூறு பக்கத்துல வந்துட்டா கொஞ்சம் இழுத்துப் புடிச்சு ஓட்டு. நான் எழுதிட்டுப் போன அடுத்த நிமிசம் நீ என்ன வேணா போட்டுக்க” என்றேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அவள் அதை வேதமாக எடுத்துக்கொண்டாள். மீட்டருக்குக் கீழே சுவரில் கரித்துண்டால் தினமும் ஓர் எண் எழுதுவாள். போன ரீடிங்கிலிருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. நான் போனால் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். மீட்டரும் சுவரும் ஒருநாள்கூட முரண்பட்டதில்லை.

அதற்கு அடுத்த கோடையில் அந்தத் தெருவுக்கு என் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. சித்திரை பிறக்க மூன்று நாள் இருந்தது. காலையிலிருந்து நூறு வீட்டுக்கு மேல் ஏறி இறங்கியிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வேப்பமரத்தடிக்கு வந்து மேட்டைப் பார்த்தேன். தார் இளகிக் கிடந்தது. செருப்பு வழியாகச் சூடு ஏறியது. ஒன்பது வீடுதானே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

நேராகக் கடைவீதியில் எனக்குத் தெரிந்த செல்போன் கடைக்குப் போனேன். அங்கே ஏசி உண்டு. நன்னாரி சர்பத் வாங்கி வரச் சொல்லி, சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டு, காற்று நெஞ்சில் படும்படி உட்கார்ந்துகொண்டேன். கருவியை எடுத்து அந்த ஒன்பது வீட்டுக்கும் ‘கதவு பூட்டியிருந்தது’ என்ற பொத்தானை அழுத்தினேன். ஒன்பது தடவை. இப்படிச் செய்வது எங்கள் வேலையில் நடக்காத காரியம் அல்ல. அதனால் கையும் கூசவில்லை.

திங்கட்கிழமை சித்திரை ஒன்று, விடுமுறை. அது எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் மேடேறினேன்.

காவேரி வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “வாங்க சார், வாங்க. ஐநூறு தாண்டலைங்க. நானூத்தித் தொண்ணூத்தி ஒம்போதுல நிக்குது” என்றாள்.

நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளி 496. சனி 497. ஞாயிறு 498. திங்கள் 499. செவ்வாய் 499. அதற்கு முன்னால் நாளுக்கு ஏழு எட்டு என்று ஏறிய எண், வெள்ளியிலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்திருந்தது. ஏசி ஓடவில்லை. ஃபேன் மட்டும் ஓடியிருக்கிறது. திங்களிலிருந்து அதுவும் ஓடவில்லை.

“ஏசி போடலியாம்மா?”

“வெள்ளிக்கெழம காலைல நிறுத்துனதுங்க. நீங்க வந்துட்டுப் போனதும் போட்டுக்கலாம்னு. அப்பறம் இன்னிக்கு வருவாரு, இன்னிக்கு வருவாருன்னு… இத்தனை நாள் தாங்கியாச்சு, இப்பப் போட்டா தாங்குனதெல்லாம் வீணாப் போயிருமேன்னு இருந்துச்சுங்க. இவருந்தான் சொன்னாரு, சார் வந்துரட்டும்னு. ஈரத்துணி போட்டுட்டேதான் இருக்கறேன். காலைலருந்து பேச்சுத்தான் கொஞ்சம் கொழறுது. மொதல்ல நீங்க எழுதிக்கங்க சார்.”

நான் எழுதவில்லை. உள்ளே போனேன். அந்த அறை கொதித்தது. முனிராஜின் நெற்றியில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. “ஏசியப் போடும்மா!” என்று கத்தினேன். அப்போதும் அவள் ஒரு கணம் என் கையிலிருந்த கருவியைத்தான் பார்த்தாள். எழுதியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள.

நூற்றெட்டு வண்டி வருவதற்குள் குடத்துத் தண்ணீர் அத்தனையையும் அவர்மேல் ஊற்றினோம். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் விசிறிக்கொண்டே போனேன். அவர் உயிர் பிழைத்தது அந்த ஆஸ்பத்திரிக்காரர்களால். என்னால் அல்ல.

ஆஸ்பத்திரி விஷயம் ஆபீஸ்வரை எட்டியிருந்தது, மறுநாள் செல்வநாயகி மேடம் என்னைக் கூப்பிட்டார். கருவியை என் கையில் கொடுத்தார். “வெள்ளிக்கிழமை, கடைசித் தெரு. படிங்க.”

படித்தேன். முதல் வீடு, கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது வீடு, கதவு பூட்டியிருந்தது. ஏழாவது வீட்டுக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது. மேடம் காத்திருந்தார். ஃபேன் காற்று முழுவதும் என்மேல்தான் அடித்தது. அப்படியும் எனக்கு வேர்த்து ஒழுகியது.

“படிங்க.”

“கதவு… பூட்டியிருந்தது.”

“பூட்டிட்டு முனிராஜ் எங்க நடந்து போனாருங்க?”

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். செல்போன் கடை, சர்பத், ஒன்பது தடவை அழுத்தியது. அவர் ஒரு கிளாஸ் வெந்நீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். “மெமோ தருவேன். அதுக்கு என்கிட்ட பதில் எழுதிக் குடுத்துருவீங்க. காவேரிக்கு யாருங்க பதில் சொல்றது?” என்று கேட்டார். வெந்நீரைக் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தேன். “சரி, போங்க” என்றார்.

மெமோ வந்தது. பதில் எழுதினேன். ஒரு வருடத்து ஊதிய உயர்வு போனது. அது எனக்கு உறுத்தவே இல்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்தத் தெருவை, தேதி தவறாமல், காலை ஏழு மணிக்கே முடித்துவிடுவேன். இதெல்லாம் சுலபம். காவேரிக்குப் பதில் சொல்வதுதான் முடியவில்லை. மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு தடவை பழம், ஒரு தடவை பன், ஒரு தடவை வெறுங்கை. வார்டு வாசல்வரை போவேன், விசாரிப்பேன், திரும்பிவிடுவேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. சரோஜா என்னவென்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

மூன்றாவது தடவை போனபோது வார்டுக்கு வெளியே கோவிந்தராஜின் குரல் கேட்டது. தம்பி பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“எந்தம்பிக்குன்னுதான ஏசி வாங்கிக் குடுத்தேன்? நானூறு ஐநூறு காசுக்கு ஆசைப்பட்டு அவனை வேக வெச்சிருக்கற. போதும்மா. நாளான்னிக்கு டிஸ்சார்ஜ். நேரா ஓசூருக்கு வண்டி சொல்லிட்டேன். இனிமே நான் பாத்துக்கறேன். நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிரு.”

காவேரி, “என் தப்புதாங்க மாமா. அவரை மட்டும் கூட்டிட்டுப் போயிராதீங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அன்றைக்கும் படியிறங்கிவிட்டேன். ஒரு பெண், கட்டிக் காத்த புருஷனை இழக்கப் போகிறாள், காரணம் நான், நான் படியிறங்கிப் போய் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று காலையில் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. எட்டரைக்கெல்லாம் வார்டில் இருந்தேன். முனிராஜ் தெளிவாக இருந்தார், என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். காவேரி துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோவிந்தராஜ் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய் நின்றேன்.

“அவங்க தப்பு இல்லைங்க. நான் வெள்ளிக்கெழம ரீடிங் எடுக்க வர வேண்டியவன். வரல. வூடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிட்டேன்.”

“ஆரு வூடு?”

“உங்க தம்பி வூடுதான்.”

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“வுடுண்ணா” என்றார் முனிராஜ் கட்டிலிலிருந்து. “நாந்தான் சார் வந்துரட்டும்னு சொன்னேன். அவ ரெண்டு தடவை சுவிச்சுகிட்டப் போனா. நாந்தான் வேணாம்னேன். ராவும் பகலும் புளி தட்டறா. அந்தக் காசு மிச்சமாவட்டும்னு பாத்தேன்.”

கோவிந்தராஜ் கையை எடுத்தார். காவேரியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். வண்டிக்காரரிடம் போனில் பேசுவது எங்களுக்குக் கேட்டது. “ஓசூரு இல்லப்பா. வேணாம். இங்கதான், அவங்க வூட்டுக்கு.”

நான் காவேரியின் முன்னால் நின்றேன். “மன்னிச்சுரும்மா. அன்னிக்கு நான் வந்திருந்தா…” என்றேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“நீங்க வந்தீங்க சார். வேப்பமரம் வரைக்கும் வந்து நின்னீங்க. நான் வாசல்லருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பீங்க. மூஞ்சியெல்லாம் செவந்து, சட்டையெல்லாம் நனைஞ்சு, நிக்க முடியாம நின்னுட்டிருந்தீங்க. பாவம், இந்த வெயில்ல இவரு எப்படி மேடேறுவாரு, போயி நெழல்ல உக்காரட்டும், நாளைக்கு வந்துக்குவாருன்னு வுட்டுட்டேங்க.”